அளந்து போட்ட சோறு

“சார், உங்க கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு. ஆனா இப்ப உங்ககிட்டேர்ந்து எடுக்க முடியாது” என்றார் டாக்டர்.

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் மாடி அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். என் ஒரே தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, தஞ்சாவூரில் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். அவள் கணவருக்கு ரத்த வகை சேரவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது நான்தான். எனக்கு ரத்தம் சேர்ந்தது, ஸ்கேன் சரியாக இருந்தது, மற்ற சோதனைகளும் பெரும்பாலும் சரியாக வந்தன. எடை மெஷினில் ஏறியபோதுதான் எல்லாம் நின்றுபோனது.

“சர்க்கரை எல்லையில நிக்குது. எடையும் அதிகம். இந்த உடம்போட ஒரு கிட்னியைக் கொடுத்தீங்கன்னா, நாளைக்கு நீங்களே டயாலிசிஸுக்கு வந்து படுக்க வேண்டியிருக்கும். ஒரு நோயாளியைக் காப்பாத்த இன்னொரு நோயாளியை நான் உண்டாக்க மாட்டேன். பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க. பட்டினி கிடந்து குறைச்சுட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன். மெதுவா, கணக்கா குறையணும்.”

வெளியே வந்தேன். தங்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. முகம் மட்டும் ஐம்பதைத் தாண்டியிருந்தது.

“என்னண்ணே, சரின்னுட்டாங்களா?”

“எடை குறைக்கணுமாம்.”

அவள் சிரித்துவிட்டாள். “சின்னப்புள்ளையில என் பங்குத் தோசையும் சேத்துத் தின்னேல்ல, அதான்.” பக்கத்திலிருந்த அவள் கணவரும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவள் கேட்டாள்: “எத்தனை மாசம் ஆகும்ணே?”

அந்தக் கேள்வியில் சிரிப்பு துளிகூட இல்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. “சீக்கிரம் ஆயிடும்” என்றேன். எத்தனை மாதம் ஆகும் என்று எனக்கும் தெரியாது. அவளுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்றும் தெரியாது.

கீழ்த்தளத்தில் உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. “வாயில போற எல்லாத்தையும் எனக்குக் காட்டணும் சார்” என்றாள். “சாப்பிடறதுக்கு முன்னாடி தட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. சோறு எத்தனை கிராம், எண்ணெய் எத்தனை ஸ்பூன்னு கீழே எழுதிடுங்க. டீ குடிச்சா டீயும்.”

“டீயுமா?”

“டீயும், டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியிலேர்ந்து எடுக்கிறதும் சார்.”

நான் திருத்துறைப்பூண்டியில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு, ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு சாப்பிடுகிறோம் என்பது தெரியாது. ஊரில் யாருக்குத்தான் தெரியும்? போடப் போடச் சாப்பிடுவோம். போதும் என்று கையை மறித்த பிறகும் ஒரு கரண்டி விழும். அதுதான் மரியாதை.

எங்கள் வீட்டில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் செய்து எங்களை வளர்த்தவர்கள். கூலியாக நெல்லை மரக்காலில் அளந்து போடுவார்கள். மரக்காலின் தலையைத் தட்டி வழித்துவிட்டுத்தான் கொட்டுவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனாலோ என்னவோ, எங்கள் தட்டில் விழுவதை யாராவது பார்த்து ‘இவ்வளவா’ என்றால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். “கூலியைத்தான் அளந்து தருவாங்க. சோத்தை அளந்து போட்டா அது வீடா?” என்பாள்.

அந்த வீட்டில் வளர்ந்த நான், ஊருக்கு வந்த மறுநாள் மனைவியோடு பாத்திரக் கடைக்குப் போய்ச் சமையலறைக்கு ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கினேன். அவள் அதைத் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, தட்டை ஏற்றினாள். ஆலோசகர் சொன்ன அளவு வந்ததும் கரண்டியை நிறுத்தினாள். இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“காக்காவுக்கு வெக்கிற மாதிரி இருக்கே” என்றாள்.

“கீரையும் காயும் நெறைய வெச்சுக்கலாமாம்.”

“பள்ளிக்கூடத்துல நாளு முழுக்க நின்னு கத்தணும். மயக்கம் வந்துடாதா?”

“வராது” என்றேன். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்தபோது பசியைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இப்படியே எத்தனை நாள்? நடுவில் முடியாமல் போனால்?

அந்தப் பயம் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தது, வகுப்பில் நின்றது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தது. முன்பெல்லாம் ஒரு பஜ்ஜி என்றால் அது பஜ்ஜி, அவ்வளவுதான். இப்போது அதைப் பார்த்தால் தங்கையின் புடைத்த கை ஞாபகத்துக்கு வந்தது. ஆசிரியர் அறையில் யாருக்கோ பிறந்தநாள், யாருக்கோ பேரன் பிறந்தது என்று வாரம் தவறாமல் கேசரி வரும். வேண்டாம் என்றால் “சுகரா சார்?” என்று கேட்பார்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து போட்டோ எடுத்தால் “சார் சோத்தோட செல்ஃபி எடுக்கிறாரு” என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, எடை குறையாமல் போய்விட்டால் எல்லார் முகத்திலும் எப்படி விழிப்பது என்ற பயம்.

மன்னார்குடியில் ஒரு கல்யாணம். இலையில் உட்கார்ந்தேன். சோற்றை வாளியிலிருந்து தள்ளிக்கொண்டே போனார்கள். இது எத்தனை கிராம்? சாம்பார் மேலே மிதக்கும் எண்ணெய் எத்தனை ஸ்பூன்? வடையின் எடை என்ன? போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்கு வந்துவிட்டார். நான் ரசம் சோறு கொஞ்சம் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, வடையைப் பாதி கிள்ளி வாயில் போட்டுவிட்டு எழுந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பாதி வடைதான் மனசில்.

முதல் இரண்டு மாதத்தில் எடை நன்றாகவே இறங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். தங்கைக்குப் போன் செய்து சொன்னபோது அவள் குரலில் பழைய துள்ளல் கேட்டது. பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை. சாப்பாடு அதேதான், காலையில் நடக்கிற நடையும் அதேதான். வீட்டு எடை மெஷின் மட்டும் ஒரே எண்ணில் நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். வாட்சைக் கழற்றிவிட்டு ஏறிப் பார்த்தேன். மெஷினைக் கூடத்திலிருந்து சமையலறைக்கு மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் கால் கிலோ கூடுதலாகவே காட்டியது.

“இது சகஜம் சார். உடம்பு கொஞ்ச நாள் அடம் பிடிக்கும். விடாம அனுப்பிட்டே இருங்க” என்று ஆலோசகர் எழுதினாள்.

எனக்கு அதை நம்ப முடியவில்லை. இத்தனை அளந்தும் குறையாத உடம்பை இனி என்ன செய்வது? காலையில் மெஷினில் ஏறுவதை நிறுத்தினேன். பார்த்தால்தானே பயம். பிறகு போட்டோ அனுப்புவது ஒரு வேளை விட்டுப்போனது, அப்புறம் ஒரு நாள் விட்டுப்போனது. ஆலோசகரின் பெயர் போனில் வந்தால் திறக்காமல் வைத்தேன். நிறையச் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன் என்றில்லை. என்ன சாப்பிடுகிறேன் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். தட்டைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு காலையில் தங்கையின் கணவர் போன் செய்தார். “மச்சான், மூச்சு விட முடியலங்கறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். கொஞ்சம் வர்றீங்களா?”

தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் பக்கம் அனல் அடித்தது. அறுப்பு முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. வழியெல்லாம் ஒரே நினைப்பு. நான் மூன்று மாதத்தில் குறைத்து முடித்திருந்தால் இன்றைக்கு அவளுக்கு இப்படி ஆகியிருக்காது. மன்னார்குடியில் பஸ் நின்று ஆட்களை ஏற்றியபோது, இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கே ஓடுவது?

நான் போய்ச் சேர்ந்தபோது அவசரமாக டயாலிசிஸ் செய்து, உடம்பில் தேங்கிய நீரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். டயாலிசிஸ் நோயாளிக்குச் சிறுநீர் சரியாகப் பிரியாது. குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். கூடினால் நுரையீரல் வரைக்கும் ஏறிவிடும். அதனால் அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று ஒரு பாட்டில் அளவு கொடுத்திருந்தார்கள். ரசம், மோர், காபி எல்லாம் அதற்குள் அடக்கம். காவிரிப் பாசனத்தில் பிறந்தவளுக்குத் தண்ணீர் அளவுச் சாப்பாடாகிவிட்டது.

சாயங்காலம்போல அவளுக்குப் பேச்சு வந்தது.

“அண்ணே, நான் பாட்டிலைப் பாக்கிறதையே விட்டுட்டேண்ணே.”

“ஏம்மா?”

“எத்தனை நாளுக்குத்தான் மடக்கு மடக்கா எண்ணுறது? நாக்கு ஒட்டிக்குது. எண்ணி எண்ணி என்ன ஆகப்போகுதுன்னு தோணிப்போச்சு. குடிச்சிட்டேன். ரெண்டு நாளா கணக்கே பாக்கல.”

அவள் போர்வையை இழுத்துவிட்டேன். அப்புறம் சொன்னேன்: “நானும் போட்டோ அனுப்பறதை விட்டுட்டேன்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. “உனக்கும் அலுத்துப்போச்சா?” என்றாள், கூட்டாளி கிடைத்ததுபோல.

“அலுப்பு இல்ல. பயம். பாத்தா குறைஞ்சிருக்காதுன்னு பயம்.”

“எனக்கும் அதான்” என்றாள்.

அங்கேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவள்தான் சொன்னாள். தினமும் சாயங்காலம் போன் பேசுவது. அவள் குடித்ததை அவள் சொல்ல வேண்டும், நான் சாப்பிட்டதை நான் சொல்ல வேண்டும். அளவுக்கு மேல் போயிருந்தாலும் திட்டக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. ‘சரி’ என்று மட்டும்தான் சொல்லலாம்.

மறுநாளே ஆரம்பித்தோம். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றுவதற்குள் போன் அடிக்கும்.

“காலையில அரை டம்ளர் காபி. மாத்திரை போட ரெண்டு மடக்கு. மத்தியானம் ரசம் வேணாம்னுட்டேன். இப்ப ஒரு ஐஸ்கட்டி வாயில வெச்சிருக்கேன், பேச்சு குழறும். நீ சொல்லு.”

“காலையில மூணு இட்லி. மத்தியானம் அளந்த சோறு, கீரைக் கூட்டு. சாயங்காலம் ஒரு வடை.”

“மெதுவடையா, மசால் வடையா?”

“மசால் வடை.”

“சரி. எப்படி இருந்துச்சு?”

அவளுக்குத் தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது, உப்பு நாக்கில் பட்டும் படாமலும்தான். அதனால் நான் என்ன சாப்பிட்டேன் என்பதைவிட அது எப்படி இருந்தது என்று கேட்பதில்தான் அவளுக்கு ஆசை. சோம்பு அதிகமா, ஓரம் மொறுமொறுவென்று இருந்ததா என்று கேட்பாள். நான் வர்ணித்துச் சொல்வதற்காகவே தட்டைப் பார்த்து மெதுவாகச் சாப்பிட வேண்டியதாயிற்று. மெதுவாகச் சாப்பிட்டால் பாதியிலேயே போதும் என்று தோன்றுவதும் உண்டு.

எனக்குப் பெரிய மனவுறுதி எதுவும் வந்துவிடவில்லை. சாயங்காலம் ஒருத்தி கேட்பாள் என்பது மட்டும்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. ஆலோசகருக்கும் மறுபடி போட்டோ போக ஆரம்பித்தது. “வந்துட்டீங்களா சார்” என்று ஒரு வரி எழுதினாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. சில வாரங்களில் மெஷினின் எண் அசைந்தது. அரை கிலோ, பிறகு இன்னும் அரை கிலோ.

எடை இறங்க இறங்க, வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை நான் கவனிக்கத் தவறினேன்.

முதலில் குழம்பில் எண்ணெய் மிதந்தது. “கை தவறிடுச்சு” என்றாள் மனைவி. பிறகு தராசில் பேட்டரி தீர்ந்துபோனது. நான் மூன்று நாள் கேட்டும் அவள் கடைக்குப் போக மறந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்திலிருந்து வந்த மீன் என்று சங்கரா வாங்கி, குழம்பு வைத்து, பொன்முறுவலாக வறுத்து, தட்டு நிறைய சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள். நெய் ஊற்றிய கேசரி வேறு ஓரத்தில் இருந்தது.

“என்ன இது?”

“சாப்பிடுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது.”

“அடுத்த வாரம் எடை பாக்கணும். இன்னும் ரெண்டு கிலோதான். தெரியும்ல உனக்கு?”

“தெரியும்” என்றாள். கரண்டியைக் கீழே வைத்தாள். “தெரிஞ்சுதான் போட்டேன். அந்த ரெண்டு கிலோவும் குறையக் கூடாதுன்னுதான் போட்டேன்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது.

“தினம் நான்தானே அளந்து போடுறேன்? நான் அளந்து போடுற ஒவ்வொரு கரண்டியும் உங்களைக் கொண்டுபோய் அந்த ஆப்பரேஷன் டேபிள்ல படுக்க வெக்குது. உங்க தங்கச்சி பொழைக்கணும். நான் வேணாம்னா சொல்றேன்? ஆனா உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார்கிட்ட போய்க் கேக்கிறது? ஒரு நாளாவது என்கிட்ட உனக்குப் பயமா இருக்கான்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. என் பயமே எனக்குப் பெரிதாக இருந்தது. நான் கொண்டுவந்த ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவள் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டபோது சம்மதம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மீனை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துச் சாப்பிட்டோம். சாயங்காலப் போனில் தங்கையிடம் மீன் கணக்கை மட்டும் சொன்னேன்.

அடுத்த முறை திருச்சிக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்காக நான் கேட்காத கேள்விகளையெல்லாம் அவள் டாக்டரிடம் கேட்டாள். “ஒரு கிட்னியோட இவரால முன்ன மாதிரி இருக்க முடியுமா? ஆப்பரேஷன்ல உயிருக்கு ஆபத்து உண்டா? ஒளிக்காம சொல்லுங்க டாக்டர்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “ஆபத்தே இல்லைன்னு சொன்னா பொய்ம்மா. எந்த ஆப்பரேஷனுக்கும் உண்டு. ரொம்பக் குறைவு, ஆனா உண்டு. அதைக் குறைக்கத்தான் இவ்வளவு மாசம் இவரைச் சோறு அளக்க வெச்சேன். எடை குறையுறது உங்க நாத்தனாருக்காக மட்டும் இல்ல. இவர் டேபிள்லேர்ந்து பத்திரமா எழுந்து வரணும்ங்கிறதுக்காகவும்தான்.”

பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், “கொஞ்சம் நில்லுங்க” என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்த் தராசுக்கு பேட்டரி வாங்கிக்கொண்டு வந்தாள்.

கடைசி இரண்டு கிலோவும் குறைந்தது. மறுபடி எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். சர்க்கரை எல்லைக்கு உள்ளே வந்திருந்தது. உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கிற குழுவின் முன்னால் உட்கார வைத்து, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று என்னைக் கேட்டார்கள். மனைவியைத் தனியாகவும் கேட்டார்கள். அவள் என்ன சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஆப்பரேஷன் நடந்தது. கண் விழித்தபோது விலாவுக்குக் கீழே கல்லை ஏற்றி வைத்ததுபோல வலி. நாக்கு வறண்டிருந்தது. மனைவியின் முகம் மேலே தெரிந்தது. “அவ?” என்று கேட்டேன். “நல்லா இருக்கா. ஒண்ணுக்கு வந்துடுச்சாம், பையில நிறையுதாம்” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதுவரைக்கும் அப்படியொரு சேதிக்கு யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தங்கையைப் பார்த்தேன். போனில் பேசினாள். நர்ஸ் அவளைத் தண்ணீர் குடி, குடி என்று விரட்டுகிறாளாம். ஒரு பெரிய டம்ளர் முழுக்க ஊற்றிக் கொடுத்தார்களாம். “பாதி குடிச்சிட்டு வெச்சுட்டேண்ணே. மூச்சு அடைச்சுக்குமோன்னு பயம். இனிமே இது உன்னோட கிட்னிதான், ஒண்ணும் ஆகாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சேன்.”

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கஷ்டம் ஆரம்பித்தது.

உடம்பு தேற வேண்டும் என்று ஆள் ஆளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விஷயம் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆசிரியர் அறை மொத்தமும் ஒரு நாள் வீட்டுக்கு வந்தது, அல்வாவோடு. நாட்டுக்கோழிச் சாறு, நெய்ச்சோறு, பழங்கள். நானும் சாப்பிட்டேன். பயம் விட்டுப்போயிருந்தது. தங்கை நன்றாக இருந்தாள். சாயங்காலப் பேச்சில் தண்ணீரும் சோறும் தானாகவே நின்றுபோய், அவள் மகளின் பள்ளிக்கூடம், அவள் மறுபடி ஆரம்பித்த தையல் வேலை என்று வேறு விஷயங்கள் வந்தன. கணக்குக் கேட்க யாரும் இல்லை. அளப்பதற்கு எனக்கும் காரணம் இல்லை. அல்லது, இல்லை என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கலாம் என்று நினைப்பேன். வெள்ளிக்கிழமை வரும், போகும்.

ஒரு வருடம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது, இறங்கிய எடையில் பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தது. ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. சர்க்கரை மறுபடி எல்லையில் வந்து நின்றது.

“இப்ப உங்களுக்கு இருக்கிறது ஒண்ணுதான் சார்” என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் மன்னார்குடி பஸ்ஸுக்காக நின்றோம். மனைவி என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“தங்கச்சிக்காக அவ்வளவு பயந்தீங்க. தப்பில்ல. உங்களுக்காகக் கொஞ்சமாவது பயப்படக் கூடாதா? எல்லாப் பயத்தையும் நான் ஒருத்தியே சொமக்கணுமா?”

“முடியலம்மா. அவளுக்காகன்னா முடிஞ்சுது. எனக்காகன்னா கை போக மாட்டேங்குது.”

“எனக்கும் வயசு நாப்பத்தஞ்சு ஆகுது. எனக்கும் பிரஷர் மாத்திரை குடுத்து வருஷமாச்சு. நான் என்ன திங்கிறேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் எனக்குப் போட்டுவிட்டுப் பிறகு சாப்பிடுவாள். என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு என்று நான் பார்த்ததே இல்லை. என் தட்டின் போட்டோக்கள் போனில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவள் தட்டு ஒன்றுகூட இல்லை.

மறுநாள் மத்தியானம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டை எடுத்து நானே தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் தன் தட்டில் வழக்கமாகப் போட்டுக்கொள்வதைப் போடச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றாள். பிறகு காலை இட்லியில் மிஞ்சியது இரண்டு, நேற்றைய குழம்பு, பானையின் அடியில் ஒட்டிய சோறு எல்லாவற்றையும் வழித்துப் போட்டாள். வீணாகப் போகக் கூடாது என்று அவள் தினமும் இப்படித்தான் சாப்பிடுகிறாள். காயும் கீரையும் என் தட்டுக்கு வந்து தீர்ந்துவிடும். தராசின் எண்ணைப் பார்த்து அவளே திகைத்துப்போனாள். இரண்டு தட்டிலிருந்தும் எடுத்து, கீரையைப் பாதியாகப் பிரித்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இப்போது மத்தியானமும் ராத்திரியும் மட்டும்தான் அளக்கிறோம். கல்யாண வீட்டில் அளப்பதில்லை. சில வாரம் விட்டுப்போகும். யாராவது ஒருவர் தட்டை எடுத்துத் தராசில் வைத்தால் மற்றவரும் வைத்துவிடுவோம். அவளுக்குப் பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். என் எடை ஆப்பரேஷன் அன்று இருந்த அளவுக்கு வரவில்லை, நடுவில் எங்கோ நிற்கிறது. “இப்படியே போகட்டும்” என்றார் டாக்டர், போன முறை.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இன்னமும் உள்ளங்கை வேர்க்கிறது. முன்பு பக்கத்தில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள் மனைவி. போன முறை அவள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரொம்ப வேர்க்குது” என்றாள். பிறகு அவள் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். அதுவும் ஈரமாக இருந்தது.